தொண்டனைக் கடித்த பூட்ஸ்

இந்த வருஷம் வெள்ளத்தில் இறங்கியே தீருவது என்று தீர்மானம் போட்டுவிட்டேன்.

தீர்மானம் என்றால் சட்டசபையில் போடுகிறார்களே, அந்த மாதிரி. கைதட்டலோடு நிறைவேற வேண்டிய தீர்மானம். ஆனால் எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு ஓட்டு. என்னுடையது ஒன்று, என் சம்சாரம் ரோசம்மாளுடையது ஒன்று. எப்போது எண்ணினாலும் ரோசம்மாள்தான் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சாலமோன். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் பிட்டர். வீடு எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பின்னால். ராத்திரி பகல் என்று இல்லாமல் லாரி ஹாரன் கேட்கும். அந்த ஹாரனையே அதட்டி அடக்கக்கூடிய குரல் எங்கள் தெருவில் ஒன்றுதான். அதைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

பக்கத்தில் மேட்டுக்குப்பம். பெயர்தான் மேடு, கிடப்பது பள்ளத்தில். ஐப்பசி பிறந்தால் ஏரி நிரம்பி, தண்ணீர் கூப்பிடாத விருந்தாளியாக ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னோடு வேலை செய்கிற ஜோசப் குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

போன வருஷமும் உதவிக்கு ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினேன். நாலடி போயிருப்பேன். அடியில் உடைந்த சோடா பாட்டில் ஒன்று எனக்காகவே காத்திருந்தது. யாரைக் காப்பாற்றப் போனேனோ அவர்களே என்னைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்ததும் பக்கத்து வீட்டு முத்தம்மாள் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அடியே ரோசம்மா! வெள்ள நிவாரணம் வந்துகீது. எறக்கி வச்சிக்க!"

அந்தப் பேச்சு ஒரு வருஷமாக என் காதில் குடியிருக்கிறது. வாடகையும் தருவதில்லை, காலி செய்வதுமில்லை. அதனால்தான் இந்தத் தீர்மானம்.

நல்ல காலமாக இந்த வருஷம் கம்பெனியிலேயே வெள்ள நிவாரணத் தொண்டர் படை ஆரம்பித்தார்கள். நான்தான் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். படைக்குத் தலைவர் சேப்டி ஆபீசர் ஜெயராஜ். சிரிக்கும்போதுகூடப் பல்லுக்கு அடிபடாமல் சிரிக்கிற மனுஷன்.

"தன்ன காப்பாத்திக்கத் தெரியாதவன் அடுத்தவன காப்பாத்த போகக்கூடாது" என்று பாடம் நடத்தினார். "சாமான் இல்லாம தண்ணியில எறங்காத. கயித்துல தொங்கறவன் கத்தினா பதறாத. முக்கியமா, கால்ல சின்ன காயம் இருந்தாலும் வெள்ளத்துல கால வைக்காத. ஊர் சாக்கட பூரா அதுலதான் கலந்திருக்கும். சீக்கு அந்த ஓட்ட வழியாத்தான் உள்ள போவும்."

சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் பார்த்தேன்.

அன்றைக்கே சாமான்களைக் கொடுத்தார்கள். மஞ்சள் ஹெல்மெட், ரெயின்கோட்டு, ரப்பர் கிளவுஸ், விசில், தண்ணீரில் மிதக்கிற ஜாக்கெட், முழங்கால் வரைக்கும் ஏறுகிற கறுப்பு கம்பூட்ஸ், அதற்குக் கம்பளிச் சாக்ஸ். மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தேன். ரோசம்மாளைச் சம்மதிக்க வைக்க வழி நெடுக யோசித்து ஒரு திட்டம் தயார் செய்தேன். அவள் பயமெல்லாம் என் காலைப் பற்றித்தான். காலுக்கு பூட்ஸ் வந்துவிட்டது. இனி எதைச் சொல்லித் தடுப்பாள்? பாடம் முழுவதையும் ஒரு வரி விடாமல் அவளுக்கும் ஒப்பித்துவிட்டால், எவ்வளவு பத்திரமான காரியம் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மூட்டையைப் பிரித்ததும் வாசலுக்கு வந்தாள்.

"இன்னாய்யா இது? எங்க கொள்ள போட்ட?"

"தொண்டர் படை சாமான்மே. நான் இப்ப தொண்டன்."

"தொண்டனா? உனுக்கு தொண்ட மட்டுந்தானே கீது?"

"கிண்டல் பண்ணாத. இத பாரு, ஹெல்மெட்டு."

"காலி பொட்டிக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய மூடி?"

"இது லைப் ஜாக்கெட்டு."

"ஜாக்கெட்டா!" முத்தம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். "யக்கா, இத்த பாரேன். ஊட்டுக்காரருக்கு ஜாக்கெட்டு குடுத்துகிறாங்க! ஏய்யா, அளவு ஜாக்கெட்டு எத்த குடுத்த? என்னுதா?"

நான் அசரவில்லை. கடைசி அஸ்திரமாக பூட்ஸை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி அடியைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே கை விட்டுப் பார்த்தாள். நான் பாடத்தை ஒப்பித்தேன். பாட்டில் ஏறாது, முள் ஏறாது, பாம்பு கடித்தாலும் பல்தான் போகும் என்று நானாகவும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். காயம் இருந்தால் இறங்கக்கூடாது என்ற பாடம் வந்தபோது, "இன்னொரு தபா சொல்லு" என்றாள். இன்னொரு தபா சொன்னேன். எவ்வளவு அக்கறை என்று சந்தோஷப்பட்டேன்.

"சரிய்யா. போ" என்றாள்.

அந்த "சரி" சுலபமாக வந்த உடனேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பத்து வருஷக் குடித்தனத்தில் ரோசம்மாள் முதல் தடவையில் சரி சொன்னது கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோது ஒரு தடவைதான்.

"ஆனா ஒண்ணு. புது பூட்சு. கடிக்கும்."

"அதுக்கு?"

"அது உன்ன கடிக்கறதுக்கு மின்ன நீ அத்த கடிச்சிடணும். புது செருப்பு வாங்கினா எங்கூட்ல அப்டித்தான். கடி."

"ரப்பர்மே!"

"அப்ப போவாத."

கடித்தேன். இடது பூட்ஸின் மேல்விளிம்பைக் கடவாய்ப் பல்லில் வைத்து, தீர்மானத்தோடு கடித்தேன். அந்த நேரம் பார்த்து முத்தம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அய்ய, அண்ணாத்தே! ஊட்ல நாஷ்டா ஆவலியா? எங்கூட்ல ரெண்டு இட்லி கீது, வா."

"இன்னொண்ணு பாக்கி கீதுக்கா" என்றாள் ரோசம்மாள். "அத்தயும் முடிச்சிட்டு வருவாரு."

மறுநாளிலிருந்து பூட்ஸைப் பழக்குகிற பயிற்சி. ஷிப்ட் முடிந்து வந்ததும் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அது என்ன பயிற்சி என்று எனக்கு முதலில் புரியவில்லை. அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்தேன், ஈரத்தில் நடந்து பழகவேண்டுமாம். சாக்கடை வாரினேன், சேற்றில் பழகவேண்டுமாம். கிளவுஸ் போட்டுக்கொண்டு கருவேல முள்ளை வெட்டினேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூரை மேல் ஏறி ஓடு மாற்றினேன். ரேஷன் கடை வரிசையில் கம்பூட்ஸோடு நின்றேன். ஏதோ மேலதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து கடைக்காரன் அன்றைக்கு எடையைச் சரியாகப் போட்டான்.

"சாக்ஸ் எங்கமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பளிய்யா. இப்பவே போட்டு நாறடிக்காத. நல்ல நாளிக்கு பொட்டில வச்சிக்கீறேன்."

வெள்ளம் வருகிற நாள் எப்படி நல்ல நாளாகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாக்ஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ் தன் வேலையைக் காட்டியது. நான் கடித்த கடியை வட்டியோடு திருப்பிக் கடித்தது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இடது காலில் அது உடைந்து புண்ணாகிவிட்டது. பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். ரோசம்மாளுக்குத் தெரிந்தால் தீர்மானம் தோற்றுப்போகும். அதனால் அவள் கண் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பட்டாளத்துக்காரன் மாதிரி நடந்தேன். மூலை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா என்பேன்.

"இன்னாய்யா, நட ஒரு மாரி கீது?"

"மிடுக்கு."

"மிடுக்கா, மொடக்கா?"

"மிடுக்குத்தான்மே. யூனிபாரம் போட்டா அப்டித்தான்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஏமாற்றிவிட்டேன் என்று நானும் சிரித்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அப்போதுதான்.

ஐப்பசிக் கடைசியில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னது. விடாமல் கொட்டியது. ஏரி வழிந்து மேட்டுக்குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் சேதி வந்தது. கம்பெனி சங்கு ஊதியது. ஜோசப் பாதி ஷிப்டில் அழுதுகொண்டே ஓடினான். அவன் சம்சாரம் விக்டோரியாவும் பிள்ளைகளும் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பார்த்து எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றியது. ஹெல்மெட் போட்டவனுக்குத் தலைக்கனம் வருவது சகஜம்தானே.

ரோசம்மாள் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "நானும் வரேன். படைக்கு கஞ்சி காச்சிக்கீறேன்" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். வழியில் ஒரு துளிக் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். குடையைத்தான் விரித்தாள்.

ஏரிக்கரையில் படை வரிசையாக நின்றது. ஜெயராஜ் ஒவ்வொருவராக ஹெல்மெட் வாரையும் ஜாக்கெட் முடிச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முடிச்சைப் பார்த்தார். தலையாட்டினார். தாண்டிப் போனார். உள்ளுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

"சார்!" என்றாள் ரோசம்மாள். "எறங்கறதுக்கு மின்ன காலு பாக்கணும்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரே. நீங்க பாக்கலியே?"

ஜெயராஜ் திரும்பி வந்தார். "கழட்டுய்யா."

"டைம் ஆவுது சார். கொழந்தைங்க கூர மேல..."

"கழட்டுன்னா கழட்டு!"

கழற்றினேன். பிளாஸ்திரி பூட்ஸோடு போய்விட்டது. புண் மட்டும் என்னோடு இருந்தது.

"இன்னாய்யா இது?"

"கடிச்சிட்சி சார்."

"எது? பாம்பா?"

"பூட்சு சார்."

கொட்டுகிற மழையிலும் படை சிரித்தது. "சாக்ஸ் குடுத்தமே?" என்று கேட்டார். நான் ரோசம்மாளைப் பார்த்தேன். அவள் மேகத்தைப் பார்த்தாள்.

"நீ எறங்கக்கூடாது. பூட்ஸ யாருக்காவது குடு."

பக்கத்தில் படையில் இன்னொருவன், கலியன், தனக்கு பூட்ஸ் கிடைக்காமல் டயர் செருப்போடு நின்றான். அவன் ஓடிவந்தான். ரோசம்மாள் மடியை அவிழ்த்து மடிப்புக் கலையாத சாக்ஸை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இத்த போட்டுகினு அப்பறமா பூட்ச போடு நைனா. இல்லாங்காட்டி கடிக்கும்."

எனக்கு மண்டைக்குள் சங்கு ஊதியது. அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணும்னேதான பண்ண?"

"ஆமா."

"ஏன்மே? அங்க ஜோசப்பு பொஞ்சாதி புள்ளைங்க மாட்டிகினு கீதுங்க!"

"போறதுக்கு வேற ஆளு கீது. எனுக்கு வேற ஆளு கீதா?" குடையைத் தூக்கி எறிந்தாள். "போன வருசம் டாக்டரு காலையே எடுத்துடணும்னாரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துகினு கெடந்தேன். நீ ஜொரத்துல 'எல்லாரும் என் பின்னாடி வாங்க'ன்னு கூவிகினு கெடந்த. உன் பின்னாடி வந்தது நான் ஒருத்திதான்யா. நீ நல்லவன்தான். தண்ணிய பாத்தா உனுக்கு புத்தி தண்ணி மேல மெதக்குது. நான் இன்னா பண்ணுவேன்?"

இவ்வளவு பிரியத்தை இவள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று நினைத்தேன். சாக்ஸை ஒளித்து வைத்த இடத்தில்தான் போலிருக்கிறது.

ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். ஜெயராஜிடம் போய் நின்றேன். "சார், தண்ணியில எறங்கல. கரையில நின்னு கயிறு புடிக்கறேன். கைக்கு ஒண்ணும் இல்ல சார், பாருங்க." இரண்டு கையையும் நீட்டினேன். அவர் யோசித்தார். ரோசம்மாளைப் பார்த்தார். என் கம்பெனியில்கூட அவளிடம்தான் அனுமதி கேட்கிறார்கள்.

"புடிக்கட்டும் சார். ஆனா இவரு கண்ணெதிர்ல ஏதாச்சும் மெதந்துகினு போனா பாஞ்சிடுவாரு."

"மாட்டேன்மே. சத்தியமா."

"சரி, நில்லு. காத்துக்கு கோட்டு பறக்குது. கயித்த புடிப்பியா, கோட்ட புடிப்பியா? இடுப்புல ஒரு கட்டு கட்டி உடறேன்."

கருணை பிறந்துவிட்டது என்று நின்றேன். ரெயின்கோட்டைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். பின்னால் முடிச்சுப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். கைநடுக்கம் என்று நினைத்து மனசு உருகினேன்.

கலியனும் மற்றவர்களும் கயிற்று முனையோடு இறங்கினார்கள். மார்பளவு தண்ணீர். அந்தப் பக்கம் ஜோசப் வீட்டு வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். இந்தப் பக்கம் நாலு பேர் பிடித்தோம். நான்தான் முன்னால். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர், ஒரு கர்ப்பிணிப் பெண், தலையில் அரிசி மூட்டையோடு ஒருத்தி. வந்தவர்கள் கரையேறும்போது என் கிளவுஸ் கையைத்தான் பிடித்தார்கள். அந்தப் பிடியில் இருந்த நடுக்கம் இப்போதும் என் கையில் இருக்கிறது. இதற்காகத்தான் நான் ஒரு வருஷமாகத் துடித்தேன். முத்தம்மாள் பேச்சுக்காக இல்லை, இதற்காகத்தான். அது எனக்கே அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

கடைசியாக விக்டோரியா. இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் பெரியவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜோசப். அவனுக்கும் பின்னால் கலியன், கழுத்தைச் சுற்றி ஜோசப் வீட்டு வெள்ளாடு. அவர்கள் நடுவழிக்கு வந்தபோது வேரோடு பெயர்ந்த வாழைமரம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து கயிற்றில் மோதியது.

கயிறு வெடுக்கென்று இழுத்தது. எனக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். விக்டோரியா அலறினாள். கயிறு மொத்தமும் என் கையில். என்னையும் தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. குதிகால் சேற்றில் வழுக்கியது. அப்போது என் இடுப்பில் ஒரு புதுப் பலம் இறங்கியது. யாரோ பின்னால் இருந்து தாங்குகிற மாதிரி. கர்த்தரே என்றேன். பல்லைக் கடித்தேன். ஓரங்குலம் நகரவில்லை. மற்றவர்கள் எழுந்து வந்து பிடிக்கும்வரை தனியாக நின்றேன்.

வாழைமரம் சுழன்று விலகிப் போனது. விக்டோரியா கரையேறிக் குழந்தையோடு என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஜோசப் என்னைக் கட்டிக்கொண்டான். ஜெயராஜ் வந்து என் தோளைத் தட்டினார்.

"சாலமோன் அசையல பாத்தியா! எல்லாரும் உழுந்தானுங்க. இவரு மட்டும் நட்ட கம்பம் மாரி!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிழைத்த சந்தோஷம் என்று விட்டுவிட்டேன். ரோசம்மாள் எங்கே என்று பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, தார்ப்பாய்க்கு அடியில், வேடிக்கை பார்க்க வந்த முத்தம்மாளோடு அடுப்பு மூட்டி எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சியை அவள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இனி எங்கள் வீட்டு ஓட்டு எண்ணிக்கையே மாறிவிடும்.

எல்லாரும் டீக்குப் போனார்கள். நானும் ஹெல்மெட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு, ஜெயித்து வந்த தளபதி நடையில் கிளம்பினேன். மூன்றாவது அடியில் பூமி என்னைப் பின்னால் இழுத்தது.

திரும்பிப் பார்த்தேன். என் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, பின்னால் இருந்த பனைமரத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு முதுகுப் பக்கம். ரப்பர் கிளவுஸில் அகப்படவில்லை.

"ரோசம்மா!"

"கூவாத. ஜனங்க மொதல்ல குடிக்கட்டும், அப்பறமா வந்து அவுத்து உடறேன்."

கரை சேர்ந்த ஜோசப் வீட்டு வெள்ளாட்டையும் அதே மரத்தில்தான் கட்டியிருந்தாள். அதன் கயிறு மட்டும் டீ அடுப்பு வரைக்கும் எட்டியது.